இரவில் எழும் பேரலைகள்: துயிலிழப்பும் சொற்கல்வியும்



துயிலைப் பற்றிப் பேச மொழியியல் படித்த நமக்கு என்ன உரிமை என்னும் ஐயம் அவையில் எழலாம். நாம் மருத்துவர் அல்லோம். மூளை ஆய்வகத்தில் பணி செய்தவரும் அல்லோம். ஆயினும் ஒரு புதுச்சொல் மாணவர் உள்ளத்தில் எப்போது குடியேறுகிறது என்பது மொழியியலாருக்கு உரிய வினா. கடந்த முப்பது ஆண்டுகளில் அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் வலுவான ஒன்று துயிலாய்வாளரிடமிருந்து வந்துள்ளது. வகுப்பில் பகலில் ஊன்றும் சொல், இரவில் ஆழ்துயிலில் எழும் சில பெரிய அலைகளின் துணையால் வேர்பிடிக்கிறது என்பது அவ்விடை. அந்த இரவைச் சுருக்கினால் அவ்வலைகளுக்கு என்ன நேர்கிறது, அதன் விளைவு மறுநாள் வகுப்பறையில் எப்படித் தெரிகிறது என்பவற்றையே இன்று பேசப்போகிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நமக்குப் பழகிய இடம் அதுதான். துயில், உறக்கம், தூக்கம் என்பனவற்றை இன்று ஒருபொருட் சொற்களாகவே ஆள்கிறோம். துஞ்சுதல் என்பது உறங்குதலையும் இறத்தலையும் ஒருங்கே குறித்தது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்னும் பெயரைக் கண்டு, அம்மன்னன் அங்கே படுத்து எழுந்தான் என்று பொருள் கொள்வார் இல்லை. அனந்தல் என்பது அரைத்துயில். கோழித்தூக்கம் என்று மக்கள் சொல்வது விட்டுவிட்டு வரும் மேலோட்டமான துயில். கனவும் அற்ற ஆழ்நிலையைச் சுழுத்தி என்று வடமொழிவழி வந்த சொல்லால் மெய்யியல் நூல்கள் குறித்தன. ஆக, துயிலுக்கு ஆழமும் மேலோட்டமும் உண்டு என்பதை மொழி நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது.

தூங்கு என்னும் வினைக்குத் தொங்குதல், அசைதல் என்பன பழம்பொருள்கள். தூங்கணாங்குருவி தொங்கும் கூட்டைக் கட்டுவதால் அப்பெயர் பெற்றது. யாப்பில் வஞ்சிப்பாவிற்குரிய ஓசையைத் தூங்கலோசை என்கிறோம். விரையாமல், அசைந்து அசைந்து செல்லும் நடை அது. ஆழ்துயிலில் இருக்கும் ஒருவரின் மூளை மின்னலைப் பதிவை யாப்புப் பயிற்றும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால், இது தூங்கலோசை என்றும், விழித்திருப்பவரின் பதிவு துள்ளலோசை என்றும் உடனே சொல்லிவிடுவார். இஃது உவமை மட்டுமே. பழந்தமிழர் மூளையலைகளை அறிந்திருந்தனர் என்று நாளை எவரேனும் எழுதினால் அதற்கு நாம் பொறுப்பல்லோம்.

துயிலின் ஆழத்தை அளக்க முயன்றவர்களுள் முன்னோடி கோல்ஷூட்டர் என்னும் செருமானியர். உறங்குபவரை எழுப்ப எவ்வளவு வலிய ஒலி தேவைப்படுகிறது என்பதை இரவு முழுவதும் வெவ்வேறு நேரங்களில் சோதித்து, தம் முடிவுகளை 1862இல் வெளியிட்டார். படுத்தபின் முதல் ஒரு மணி நேரத்திற்குள் ஆழம் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு விடியும்வரை படிப்படியாகக் குறைகிறது. மின்கருவி ஏதுமின்றி அவர் வரைந்த அந்த வளைகோட்டைப் பின்வந்த கருவிகளும் பெரும்பாலும் உறுதிப்படுத்தின. செருமானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை 1924இல் பதிவுசெய்து 1929இல் அறிவித்தார். அமெரிக்காவில் லூமிஸும் அவருடைய துணைவர்களும் இரவுத்துயிலை அலைகளின் வடிவத்தைக் கொண்டே நிலைகளாகப் பிரித்து 1937இல் காட்டினர்.

அவ்வலைகள் எத்தகையன? விழித்திருக்கும்போது பதிவில் தெரியும் அலைகள் சிறியன, விரைவானவை, ஒழுங்கற்றவை. ஆழ்துயிலில் நொடிக்கு நான்கிற்கும் குறைவாக, பெரும்பாலும் நொடிக்கு ஒன்று என்ற அளவில் அலைகள் எழுகின்றன. இவற்றின் உயரம் 75 மைக்ரோவோல்ட்டையும் தாண்டும். இந்தப் பேருருவம் ஒருமிப்பிலிருந்து வருகிறது. இம்மண்டபத்தில் பொழிவு தொடங்குமுன் ஒவ்வொருவரும் அருகிலிருப்பவருடன் பேசிக்கொண்டிருந்தீர்கள்; வெளியே நின்று கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல். இதே அவையினர் கும்மியடித்தால் ஒரே தட்டு கேட்கும், பின் அமைதி, மீண்டும் ஒரே தட்டு. மூளைப் புறணியின் நரம்பணுக்கள் ஆழ்துயிலில் செய்வது இந்தக் கும்மியை ஒத்தது. கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்து சில நூறு மில்லிநொடிகள் இயங்குகின்றன. பிறகு சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. இவ்வியக்கத்தின் மெதுவான அடித்தாளத்தை மிர்ச்சா ஸ்டெரியாட் என்னும் ஆய்வாளர் 1993இல் விரிவாக விளக்கினார்.

கலைச்சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. இவ்வலைகளை மெல்லலை என்று சிலர் எழுதக்கூடும். மென்மை என்னும் பொருள் அதில் ஏறிக்கொள்வதால் அது பொருந்தாது. மூளை எழுப்பும் அலைகளுள் உருவிற் பெரியவை இவை. சேர்த்து எழுதி மெதுவலை என்றாலோ மீன்பிடி வலை நினைவுக்கு வரும். ஆகவே இப்பொழிவில் மெது அலை என்று பிரித்தே சொல்கிறோம். புணர்ச்சி விதி பிழைத்தது என்று இலக்கண ஆசிரியர்கள் வருந்த வேண்டா.

இனி இழப்பைப் பார்ப்போம். ஓர் இரவு முழுவதும் ஒருவர் விழித்திருந்தால், மறுநாள் இரவு அவர் இழந்த எட்டு மணி நேரத்தையும் கூடுதலாக உறங்குவதில்லை. சற்றே நீண்ட நேரம் உறங்குவார். ஆனால் அத்துயிலில் மெது அலைகள் வழக்கத்தைவிட உயரமாகவும் செறிவாகவும் வருகின்றன. மூளை, கடனை மணிக்கணக்கில் வசூலிக்காமல் ஆழத்தில் வசூலிக்கிறது. விழித்திருக்கும் நேரம் நீள நீள மெது அலைகளுக்கான தேவை ஏறுகிறது, உறங்கும்போது இறங்குகிறது என்பதைச் சூரிச் நகரின் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் ஒரு கொள்கையாக வகுத்தார். இதனுடன் உடற்கடிகாரத்தின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே துயிலை ஆளுகிறது என்பது அவருடைய இருசெயற்பாட்டுக் கொள்கை. மாலையில் நெடுநேரம் கண்ணயர்ந்தவருக்கு இரவில் மெது அலைகள் குறைவதும் இதனால்தான். கடனில் ஒரு பகுதியை அவர் முன்கூட்டியே அடைத்துவிடுகிறார். விழிப்பின்போது மூளையில் சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் இக்கடனைக் காட்டும் அளவுகோல்களுள் ஒன்று. நம் கோப்பிக்கடைக் கோப்பியிலுள்ள காஃபீன் அந்த அடினோசினை நரம்பணுக்கள் உணரவிடாமல் மறைக்கிறது. கடன் அப்படியே இருக்கும். கடன்காரர் கதவைத் தட்டுவது மட்டும் சிறிது நேரம் கேட்காது.

சான் டியேகோவைச் சேர்ந்த 17 வயது மாணவர் ராண்டி கார்ட்னர் 1963ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 1964 தொடக்கம் வரை 264 மணி நேரம், அதாவது 11 நாள்கள், விழித்திருந்தார். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் செய்தார். துயிலாய்வாளர் வில்லியம் டிமென்ட் உடனிருந்து கவனித்தார். நாள் செல்லச் செல்ல மாணவரின் நினைவும் கவனமும் மனநிலையும் தடுமாறின. இறுதியில் அவர் தொடர்ந்து உறங்கியது 14 மணி நேரத்திற்குச் சற்று மேல். இழந்த மொத்த நேரத்தில் சிறு பகுதியையே அவர் பிறகு மீட்டார். அம்மீட்பில் ஆழ்துயிலுக்குக் கிடைத்த பங்கு பெரிது. இச்செய்தியை மாணவர்களிடம் வீரச்செயலாகச் சொல்லிவிடாதீர்கள். இத்தகைய முயற்சிகளைச் சாதனைப் பட்டியல் வெளியிடுவோரும் பின்னர் ஊக்குவிப்பதை விட்டுவிட்டனர்.

மெது அலைகள் மூளை முழுவதும் ஒரே அளவில் எழுவதில்லை. பகலில் எப்பகுதி உழைத்ததோ அப்பகுதியில் அவை ஓங்குகின்றன. ரெட்டோ ஹூபரும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கையசைவைக் கொண்டு திரையில் ஒரு குறியை நகர்த்தும் பயிற்சி அளித்தனர். கையின் திசையும் குறியின் திசையும் வேறுபடுமாறு மறைவாக மாற்றி வைத்தனர். அன்றிரவு, அக்கற்றலுக்குரிய வலப்பக்க உச்சிப்பகுதியில் மட்டும் மெது அலைகள் மிகுந்தன. எவருக்கு அதிகம் மிகுந்தனவோ அவர் மறுநாள் காலையில் அதிகம் முன்னேறியிருந்தார். ஈராண்டுக்குப்பின் அதே குழுவினர் இதன் மறுபக்கத்தையும் காட்டினர். ஒரு கையை 12 மணி நேரம் அசையாமல் கட்டிவைத்தால், அக்கையை ஆளும் மூளைப்பகுதியில் அன்றிரவு மெது அலைகள் தணிந்தன. உழைத்த நிலத்திற்கே இரவில் நீர் பாய்கிறது என்று உழவர் மொழியில் சொல்லலாம்.

ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதற்கு டொனோனியும் சிரெல்லியும் தரும் விளக்கம் பெயர்பெற்றது. பகற்கற்றலால் நரம்பிணைப்புகள் வலுத்துக்கொண்டே போகின்றன. மெது அலைகள் எழும் துயிலில் அவை அளவாகத் தளர்த்தப்பட்டு, மறுநாள் கற்றலுக்கு இடம் உண்டாகிறது என்பர். மற்றொரு சாரார், துயிலில் சில நினைவுகள் மீட்டி இயக்கப்பட்டு வலுப்பெறுகின்றன என்பதை முதன்மையாகக் கொள்வர். இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன என்று நமக்குத் தோன்றவில்லை. ஏட்டைத் துடைப்பதும் எழுத்தை அழுத்தி எழுதுவதும் ஒரே இரவில் நடக்கக்கூடியனவே.

சொற்களுக்கு வருவோம். செருமனியில் பிளிஹாலும் போர்னும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லிணைகளை மனப்பாடம் செய்தவர்களை இரு வகையாக உறங்கவைத்தனர். மெது அலைகள் மலிந்த முன்னிரவுத் துயில் சொல்லிணை நினைவுக்கு உதவியது. கனவுத்துயில் மலிந்த பின்னிரவு, கைப்பழக்கம் போன்ற செயல்திறன்களுக்கு உதவியது. 2006இல் போர்ன், மார்ஷல் குழுவினர் உறங்குபவரின் தலையில் நொடிக்கு ஒன்றுக்குச் சற்றே குறைந்த வேகத்தில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி மெது அலைகளை வளர்த்தனர். காலையில் சொல்லிணைகள் கூடுதலாக நினைவில் நின்றன. அலைகள் கற்றலின் நிழல்போல் வெறுமனே உடன்வருவன அல்ல, கற்றலில் அவற்றுக்குப் பங்குண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

மொழியியலார் நோக்கில் இவற்றினும் சுவையானது, டூமேயும் கேஸ்கலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலத்தில் பேராலயத்தைக் குறிக்கும் 'கத்தீட்ரல்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் ஈற்றை மாற்றிக் 'கத்தீட்ரூக்' என்று பொருளற்ற புதுச்சொல் ஒன்றைச் செய்தனர். இப்படிப் பல சொற்கள். கற்றவர்கள் அவற்றை உடனே அடையாளம் கண்டனர். தேர்வு வைத்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆயினும் அச்சொற்கள் உள்ளகராதியில் இன்னும் ஏறவில்லை. ஏறிய சொல்லுக்கு ஓர் அடையாளம் உண்டு: தன் அண்டைச் சொல்லுடன் அது போட்டியிடும். 'கத்தீட்ரல்' என்று கேட்கத் தொடங்கும்போது 'கத்தீட்ரூக்' குறுக்கிடுவதால், பழைய சொல்லை அடையாளம் காண்பதில் மிகச்சிறு தாமதம் நேரும். காலையில் கற்று 12 மணி நேரம் விழித்திருந்தவர்களிடம் அத்தாமதம் தோன்றவில்லை. இரவில் கற்று உறங்கி எழுந்தவர்களிடம் தோன்றியது.

இதன் பொருளைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வீர்கள். பரவை என்றால் கடல் என்று இன்று கற்ற மாணவி, இன்றே கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவாள். ஆனால் பரவை என்ற ஒலி காதில் விழுந்ததும் பறவை என்ற அண்டைச் சொல் எழுந்து, இரண்டும் கணப்பொழுது மோதி, றகரமும் ரகரமும் பொருள் வேறுபடுத்தும் என்ற உணர்வோடு ஒன்று வெல்லும் நிலை வரவேண்டும். அந்நிலைக்கு இடையில் ஓர் இரவு தேவைப்படுகிறது. டம்மினென், கேஸ்கல் முதலியோர் 2010இல் இவ்வாய்வை இன்னும் நுணுக்கினர். ஆழ்துயில் நீண்டவர்கள் புதுச்சொல்லை அடையாளம் காண்பதில் விரைவு பெற்றனர். சொல் பழைய சொற்களோடு இணைந்து போட்டியிடும் திறனோ, நூல் நூற்கும் கதிரின் வடிவில் நடு பருத்து ஓரம் மெலிந்து தோன்றும் வேறொரு சிற்றலையோடு தொடர்புற்றது. நொடிக்கு ஏறத்தாழ 11 முதல் 16 வரை துடிக்கும் இந்தக் கதிரலை, மெது அலையின் முகட்டில் ஏறி வருகிறது. அத்தருணத்தில் ஹிப்போகேம்பஸ் என்னும் உட்பகுதியிலிருந்து பகல் நினைவுகள் புறணிக்குக் கைம்மாறுகின்றன என்று கருதுகின்றனர். கதிரலைகள் மிகுதியாக வருவது துயிலின் இரண்டாம் நிலையில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நாம் இப்பொழிவுக்கு முன்வந்த காரணமும் இருக்கிறது. "ஐந்து மணி நேரம் உறங்கினாலும் ஆழ்ந்து உறங்குகிறேன், அது போதும்" என்று மாணவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கலாம். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதியுண்மைதான் ஏமாற்றுகிறது.

சிங்கப்பூரில் மைக்கேல் சீ தலைமையிலான ஆய்வாளர்கள் 15 முதல் 19 வயது வரையிலான 56 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 2016 முதல் வெளிவந்தன. ஒரு பிரிவினர் ஏழு இரவுகள் நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும் படுக்க அனுமதிக்கப்பட்டனர்; மற்றவர்க்கு ஒன்பது மணி நேரம். குறைவாக உறங்கியோரின் மின்னலைப் பதிவில் ஆழ்துயிலின் நேரம் குறையவில்லை. மூளை கிடைத்த ஐந்து மணியில் மெது அலைகளுக்கே முதலிடம் கொடுத்துவிட்டது. வெட்டுண்டவை கதிரலைகள் மலிந்த இரண்டாம் நிலையும் கனவுத்துயிலும். பஞ்சக்காலத்தில் விதைநெல்லைக் காத்து மற்றதைக் கைவிடும் குடும்பத்தைப் போன்றது இது. ஆழ்துயில் காக்கப்பட்டது, ஆனால் அம்மாணவர்களின் கவனமும் செயல்நினைவும் நாளுக்குநாள் சரிந்தன. பிறகு ஒன்பது மணி நேரம் வீதம் இரண்டு இரவுகள் உறங்கியும் முழுமையாக மீளவில்லை. வார இறுதியில் ஈடுகட்டிவிடலாம் என்னும் வழக்கமான கணக்கு இங்கே உடைகிறது.

முழு இரவை இழந்தவரிடம் மெது அலைகள் பெருகி எச்சரிக்கின்றன. நாள்தோறும் சிறிது சிறிதாக இழப்பவரிடம் அவ்வெச்சரிக்கை மங்கிவிடுகிறது. வான் டாங்கனும் டிங்கெஸும் அமெரிக்காவில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை வளர்ந்தவர்களிடம் காட்டியது. 14 நாள்கள் தொடர்ந்து ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாக உறங்கியோரின் கவனப்பிழைகள் இரண்டு இரவுகள் வரை அறவே உறங்காதோரின் நிலையை எட்டின. அவர்களைக் கேட்டாலோ, தங்களுக்குச் சற்றே களைப்பு, பழகிவிட்டது என்றனர். தேய்ந்த கத்தி தன் தேய்வை அறியாது.

அடக்கப்பட்ட அலைகள் வேறோர் இடத்தில் தலைகாட்டுகின்றன. வியாசோவ்ஸ்கி முதலியோர் 2011இல், சில மணி நேரம் கூடுதலாக விழித்திருக்க வைக்கப்பட்ட எலிகளின் புறணியில் ஒரு விந்தையைக் கண்டனர். எலி கண் திறந்து நடமாடுகிறது. ஆனால் அங்கும் இங்குமாகச் சில நரம்பணுக் கூட்டங்கள் மட்டும், ஆழ்துயிலில் அடங்குவதுபோலக் கணநேரம் அடங்கிவிடுகின்றன. இனிப்புத் துணுக்கை எட்டி எடுக்கும் பயிற்சியில் இருந்தபோது உரிய பகுதியில் இவ்வடக்கம் நேர்ந்தால், எலியின் கை தவறியது. மனிதரிடத்து இதைக் காண்பது எளிதன்று. வலிப்புநோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 12 நோயாளிகளின் ஒத்துழைப்போடு யுவால் நிர், இட்சாக் ஃபிரைடு முதலியோர் 2017இல் இதற்கு ஈடான ஒன்றைக் கண்டனர். இரவு விழித்திருந்த அவர்களுக்கு முகம், இடம் முதலிய படங்களைக் காட்டி விரைந்து வகைப்படுத்தச் சொன்னார்கள். விடை தாமதமான வேளைகளில், பொட்டுமடலின் நரம்பணுக்கள் படத்திற்குத் தாமதமாகவும் வலுக்குன்றியும் துடித்தன. அதே இடத்தில் மெதுவான அலைகள் எழுந்தன. ஆள் விழித்திருக்கிறார், அவருடைய மூளையின் ஒரு மூலை உறங்குகிறது.

முதல் பாடவேளையில் தமிழ் நடக்கும் வகுப்பை நினைத்துப் பாருங்கள். கண்களைத் திறந்தபடி உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன், பெயரைச் சொல்லி அழைத்ததும் ஒரு கணம் கழித்துத் திடுக்கிடுகிறான். வாய்விட்டுப் படிக்கும் மாணவி ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுகிறாள், தாண்டியதை உணரவில்லை. சொல்வதெழுதுதலில் ஒரு சொல் முழுவதுமாக விடுபட்டிருக்கிறது. எழுத்துப்பிழை கூட இல்லை, இடமே காலி. தமிழில் ஆர்வமில்லை, வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்ற முடிவுக்கு நாம் விரைந்து வந்துவிடுகிறோம். அவையும் காரணங்களே. ஆனால் அவற்றை எழுதுமுன், அம்மாணவர் முந்தைய இரவு எப்போது படுத்தார் என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். துணைப்பாட வகுப்பு முடிந்து, வீட்டுப்பாடம் முடிந்து, கைப்பேசியும் முடிந்து படுக்கும் நேரத்தை அவர்கள் மறைக்காமலே சொல்வார்கள். அதில் சிலருக்குப் பெருமையும் உண்டு.

அவ்விரவுகளில் படிக்கப்படும் சொற்கள் என்னாகின்றன? மேற்சொன்ன சிங்கப்பூர் ஆய்வின் ஒரு பகுதி நேராக இதையே கேட்டது. அரிய ஆங்கிலச் சொற்களை மாணவர்களுக்குக் கொடுத்தனர். சிலவற்றை ஒரே அமர்வில் திணித்துப் படிக்கவேண்டும். சிலவற்றைப் பல நாள்களில் பிரித்துப் படிக்கவேண்டும். ஒரே அமர்வில் படித்த சொற்களைக் குறைவாக உறங்கியோர் கூடுதலாக மறந்தனர். பிரித்துப் படித்த சொற்களில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு தோன்றவில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் இணைமொழிகளையும் மரபுத்தொடர்களையும் மொத்தமாக விழுங்குவதுதான் நம் மாணவர் பலரின் முறை. துயிலைக் குறைத்துக்கொண்டு செய்யும் கற்றல்முறைகளுள் துயிற்குறையால் மிகுதியாகக் கெடுவதைத் தேடிப்பிடித்தாற்போல் இருக்கிறது.

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது சிறிதே. வெள்ளிக்கிழமைச் சொல்வதெழுதுதலுக்குரிய இருபது சொற்களைத் திங்களன்று கொடுத்து, நாளுக்கு ஐந்து நிமிடம் வகுப்பிலேயே திரும்ப எடுங்கள். கற்பித்த அன்றே வைக்கும் தேர்வில் கிடைக்கும் முழு மதிப்பெண்ணை நம்பாதீர்கள். 'கத்தீட்ரூக்' படித்தவர்களும் அன்றே முழு மதிப்பெண் பெற்றவர்களே. உறங்கும்போது காதில் ஒலித்தால் மொழி தானே வந்துவிடும் என்று விற்கப்படும் ஒலிப்பதிவுகளைப் பெற்றோர் கேட்டால், பணத்தை மிச்சப்படுத்தச் சொல்லுங்கள். ஷ்ரைனரும் ராஷும் செய்த ஆய்வில், மாலையில் விழித்திருந்தபோது கற்ற டச்சுச் சொற்களை ஆழ்துயிலில் மெல்ல ஒலிக்கச் செய்தது நினைவுக்கு உதவியது உண்மை. ஆனால் அங்கே சொல் ஏற்கெனவே கற்கப்பட்டிருந்தது. துயில் அதை உறுதிசெய்தது, அவ்வளவே. துயிலைக் கெடுக்கும் ஒலியோ எதிர்விளைவைத் தரும். 2009இல் ஒரு டச்சுக் குழுவினர், உறங்குபவரை எழுப்பாமலே மெல்லொலிகளால் மெது அலைகளை மட்டும் தணித்தனர். துயிலின் நேரம் குறையவில்லை. ஆனால் மறுநாள் புதியவற்றை நினைவிற்கொள்ளும் திறன் குன்றியது.

வயதைப் பற்றியும் இரண்டு சொற்கள். பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு பதினேழு வரை மெது அலைகளின் ஆற்றல் இயல்பாகவே பாதிக்கும் மேல் குறைகிறது. நரம்பிணைப்புகள் கத்தரித்து ஒழுங்குபடும் வளர்ச்சியின் அடையாளம் அது, நோயன்று. நம் போன்ற அறுபதைக் கடந்தோரிடம் மேலும் குறைகிறது. நேற்றுப் படித்த கட்டுரையின் தலைப்பு இன்று நினைவுக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பதின்ம வயதில் உடற்கடிகாரமும் பின்தள்ளிப் போவதால், மாணவர்க்கு இரவு பத்து மணிக்குக் கண் அசராது. சோம்பல் என்று அதைத் திட்டிப் பயனில்லை. அமெரிக்கத் துயில் மருத்துவக் கழகம் 13 முதல் 18 வயதினர்க்கு 8 முதல் 10 மணி நேரத் துயிலை 2016இல் பரிந்துரைத்தது. காலை 7.30 மணிக்குத் தொடங்கும் பள்ளிக்கு ஐந்தரைக்கே எழும் மாணவர் அந்த எட்டு மணியைப் பெற, ஒன்பதரைக்குள் உறங்கியிருக்க வேண்டும்.

பள்ளி என்ற சொல்லுக்குத் துயிலிடம் என்பது பழம்பொருள். பள்ளியறை, பள்ளிகொள்ளுதல் என்பவற்றில் இன்றும் அது வாழ்கிறது. சமண முனிவர் தங்கிய கற்படுக்கைக் குகைகள் பள்ளி எனப்பட்டு, அங்கே கல்வி நடந்ததால் கல்விக்கூடத்திற்கும் அப்பெயர் வந்தது என்பது பலர் கொள்ளும் விளக்கம். ஒரே சொல்லுக்குள் அடங்கிய அவ்விரு பொருள்களும் இன்று காலை வேளையில் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன.

சிங்கப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப்பள்ளி, 2016இல் தொடக்க நேரத்தை 7.30இலிருந்து 8.15க்குத் தள்ளிவைத்தது. நேரத்தைக் கொடுத்தால் மாணவர் இன்னும் பிந்திப் படுப்பார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் தடை. ஒரு மாதம் கழித்து அளந்தபோது, பள்ளி நாள்களில் அவர்கள் படுக்கும் நேரம் ஒன்பது நிமிடமே பிந்தியிருந்தது. படுக்கையில் இருந்த நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின்னும் ஆதாயம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இதற்காக அப்பள்ளி பாடவேளைகளையும் காலைக்கூடலையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. எந்தெந்தப் பள்ளியில் இது இயலும், இருமுறைப் பள்ளிகளில் என்ன செய்வது, பேருந்து நேரத்தை எப்படிப் பொருத்துவது என்பனவெல்லாம் நம்மைவிட உங்களுக்கே நன்கு தெரியும். மீதமுள்ள நேரத்தை அவ்வினாக்களுக்கு விடுகிறோம்.